‘ப’ எழுத்துக்குள் ஒரு பணியிடம்

வைகாசி பிறந்த வாரத்தில் வசந்தாமணி டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து லோகோவுக்கு மாற்றப்பட்டாள்.

பளிங்கருவி பம்ப்ஸ் நிறுவனத்தின் லோகோ பீளமேட்டில், தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ‘பளிங்கருவி’ என்ற பெயரின் ஆறு எழுத்துகளும் ஆளுயரத்துக்கு நீல எஃகில் செய்யப்பட்டு, வெள்ளைச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி வரிசையாக நின்றன. எதிரே ஒரு கேமரா. பம்ப்புகளிலும் அட்டைப்பெட்டிகளிலும் ஊர் ஊராக மக்கள் பார்ப்பதெல்லாம் நகல்கள். அசல் அந்த அறையில்தான் இருந்தது. அசலில் எது நடந்தாலும் அந்த நேரத்தில் அச்சாகும் பெட்டிகளில் அது வந்துவிடும். அறையைப் பெருக்குகிறவர் எட்டரை மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று விதி இருந்தது. ஒருமுறை அவர் தாமதித்ததில், துடைப்பத்தோடு ஒரு லாரி பெட்டிகள் நாமக்கல்லுக்குப் போய்விட்டன. எல்லாம் விற்றும் போய்விட்டன.

மாற்றல் உத்தரவைக் கொடுத்தவர் மனிதவளப் பிரிவு ரத்தினசபாபதி.

“பத்தொம்பது வருசத்துல உங்களைப் பார்த்ததா ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லீங்கம்மா,” என்றார் அவர், பாராட்டும் குரலில். “உங்க மேனேஜரையே கேட்டேன். அப்படி ஒருத்தரு இருக்காங்களான்னு என்னைத் திருப்பிக் கேட்டாரு. இதைவிடத் தகுதி என்ன வேணும்?”

“வேலை என்னங்க?”

“மறைஞ்சு நிக்கோணும். ஆனா கொஞ்சமாத் தெரியோணும்.”

“எவ்வளவு கொஞ்சமுங்க?”

“அதை ரோகன் சார் சொல்லுவார்.”

ரோகன் பெங்களூரிலிருந்து வந்திருந்த பிராண்ட் ஆலோசகர். பெரிய நிறுவனங்களின் லோகோக்களில் எல்லாம் ஏதாவது ஒன்று மறைந்திருக்கிறது என்றும், பளிங்கருவியின் லோகோவில் பளிங்கருவி என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றும் அவர் கண்டுபிடித்திருந்தார். எண்பத்து நான்கு ஸ்லைடுகளில் அதை விளக்கினார். முதல் ஸ்லைடு வெறுமையாக இருந்தது. நிர்வாக இயக்குநர் நஞ்சப்பன் அதை நான்கு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உடனே மற்றவர்களுக்கும் புரிந்தது.

ஐம்பதாவது ஸ்லைடில் வசந்தாமணி வந்தாள். ‘ப’வின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில், அடுத்த எழுத்தான ‘ளி’யைப் பார்த்தபடி அவள் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மடித்த முழங்கை நம்பிக்கையைக் குறிக்கும். சற்றே தூக்கிய மோவாய் நாளையைக் குறிக்கும். புடவை மடிப்பு விற்பனைக்குப் பிந்தைய சேவை.

“இடது குதிகாலுங்க?” என்று கேட்டாள் வசந்தாமணி.

“அதுக்கு இன்னும் அர்த்தம் முடிவாகலை மேடம். அதுவரைக்கும் அதை அசைக்காம வச்சிருங்க.”

எழுத்து நீலம் என்பதால் உள்ளே இருப்பவர் வெள்ளையாக இருக்க வேண்டியிருந்தது. ஆறு வெள்ளைப் புடவைகள் வந்தன. வசந்தாமணி அவற்றைத் தொடவில்லை.

“எங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காருங்க,” என்றாள்.

“மேடம், இது வெள்ளை இல்லை,” என்றார் ரோகன் பொறுமையாக. “இது இன்மை.”

அவள் பெட்டியின் மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ‘புடவை, இன்மை நிறம், 6’ என்றுதான் எழுதியிருந்தது. வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு உள்ளே ஏறினால் ஒரு மணிக்குச் சாப்பாடு, மறுபடி ஒன்றரையிலிருந்து ஐந்தரை வரை. வேலை கடினம் என்று சொல்ல முடியாது. விளக்குகள் மட்டும் மிகவும் பிரகாசமாக இருந்தன. பின்சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. பின்னால் திரும்பக் கூடாது, திரும்பினால் நாளை நேற்றாகிவிடும் என்று ரோகன் எழுதிக் கொடுத்திருந்தார். ஆவணி மாதம் ஒரு நாள் அவளுக்குத் தும்மல் வந்தது. தும்மலோடு இருநூறு பெட்டிகள் ஈரோட்டுக்குப் போயின. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அச்சான பெட்டிகளில் ‘ப’ காலியாகவே இருந்தது. அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக் கிணற்றடியிலும் பளிங்கருவி மோட்டார்தான். ஊழியர் சலுகையில் புதிதாக வாங்கியது. அவள் கணவன் பொன்னுசாமி தினமும் காலையில் அதன் முன்னால் நின்று பல் தேய்ப்பான்.

“ஏனுங்க, அதுல ஏதாச்சும் தெரியுதுங்களா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

பொன்னுசாமி குனிந்து பார்த்தான். “ஸ்க்ரூ லூசா இருக்குது அம்மிணி.”

“பேருக்குள்ள பாருங்க.”

மறுபடி பார்த்தான். “ப, ளி, ங்…” என்று முழுதாக வாசித்துக் காட்டினான். எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று உறுதி சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தான். இருபத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்த மனிதன். வசந்தாமணி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆறு மாதம் முடிந்ததும் ஆய்வுக் கூட்டம் நடந்தது. லோகோவில் ஒரு பெண் இருப்பதைக் கண்டுபிடித்தவர்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

“அவ்வளவு நுட்பமா இருக்கு சார்,” என்றார் ரோகன். “உலகத்தில் வேறெந்த லோகோவும் இந்த அளவுக்கு மறைச்சதில்லை.”

நஞ்சப்பன் யோசித்தார். “ஒருத்தருமே பார்க்கலைன்னா, மறைச்சதா இல்லாததான்னு எப்படிங்க தெரியும்?”

இந்தக் கேள்விக்கு ஸ்லைடு இல்லை. அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒரு வாடிக்கையாளராவது கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் அம்பு ஒன்றை நியமித்துவிடலாம் என்று முடிவானது. அம்புகளை எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது ஆய்வில் தெரிந்திருந்தது.

வசந்தாமணி கீழே இறங்கி வரும்போது அம்பு ஏற்கெனவே வந்திருந்தது. வரவேற்பறை சோபாவில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அதன் பயோடேட்டா. இரண்டு கூரியர் கம்பெனிகளில் அனுபவம், எந்தத் திசையிலும் வேலை பார்க்கத் தயார் என்று போட்டிருந்தது. வரவேற்பறைப் பெண் அதற்கு மட்டும் காபி கொடுத்திருந்தாள். அந்த மேஜையைத் தாண்டி வசந்தாமணி பத்தொன்பது வருடம் நடந்திருக்கிறாள். ஒரு நாளும் அவளுக்குக் காபி வந்ததில்லை.

“அம்பு வந்துச்சுன்னா என்னை எங்கீங்க போடுவீங்க?” என்று ரத்தினசபாபதியைக் கேட்டாள்.

“டெஸ்பாட்ச்சுல உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சு. அவங்களையும் இப்ப ஒருத்தருக்கும் தெரியறதில்லை. நல்லாப் பண்றாங்க.” அவர் ஃபைலைப் புரட்டினார். “நீங்க எங்கியும் இல்லாம இருக்கற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணிரலாம்.”

அன்று முதல் வசந்தாமணிக்கு யாராவது தன்னைப் பார்த்தால் தேவலை என்று ஆகிவிட்டது. டெஸ்பாட்ச்சில் இருந்தவரை அப்படி ஒரு ஆசை அவளுக்கு வந்ததே இல்லை. மறைந்திருப்பதற்கு என்று ஒரு வேலை கிடைத்த பிறகுதான் அது வந்தது. முதலில் ஒரு விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு கையை ஆட்டினாள். கை ஆட்டிய பெட்டிகள் தாராபுரம், தேனி, சித்தூர் என்று போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டூரிலிருக்கும் ஒரு டீலர் கடைக்குப் போய், வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளின் பக்கத்தில் அதே புடவையில், அதே முழங்கையோடு நின்று பார்த்தாள். மூன்றாவது வாரம் கடைக்காரர் வெளியே வந்தார்.

“அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. லோகோ மறைக்குது.”

கடிதம் மார்கழியில் வந்தது. கிணத்துக்கடவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் வெள்ளிங்கிரி என்பவர், கோடு போட்ட காகிதத்தில் எழுதியிருந்தார்.

‘ஐயா, தங்கள் கம்பெனி பேரில் முதல் எழுத்துக்குள் நிற்கிற அம்மாவுக்குக் கால் வலிக்கிறது போலத் தெரிகிறது. ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.’

அலுவலகம் அன்று வேலை செய்யவில்லை. ரோகன் பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்தார். கால்வலி என்பது நம்பிக்கையின் ஆழ்ந்த வடிவம் என்று விளக்கினார். நஞ்சப்பன் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, அதை ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். ஸ்டூல் விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போனது. உட்கார்ந்துவிட்ட நிறுவனம் என்று பொருள் வரும் என்பதால் அங்கே நிராகரிக்கப்பட்டது. தேவைப்பட்டால் பிறகு சொல்லி அனுப்புவதாக அம்பிடம் சொன்னார்கள். அது பிறகு ஒரு மருத்துவமனையில் கழிப்பறை இருக்கும் பக்கத்தைக் காட்டும் வேலைக்குப் போய்விட்டது. மறைவு ஒன்றும் கிடையாது. நிரந்தரப் பணி.

வசந்தாமணி அந்தக் கடிதத்தை வரவேற்பறையில் நின்று வாசித்தாள். மறுநாளும் வாசித்தாள். அவளுக்கு உண்மையாகவே கால் வலித்துக்கொண்டிருந்தது. பார்த்திராத ஒரு மனிதர், இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, அதைக் கண்டுபிடித்திருக்கிறார். வரவேற்பறைப் பெண் அவளுக்கு ஒரு காபி கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினாள்.

வெள்ளிங்கிரிக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில், அவர் கண்மட்டத்துக்கு, பளிங்கருவி பம்ப்ஸின் புதிய தகரப் பலகை மாட்டியிருந்தது. வசந்தாமணி தான் யாரென்று சொல்லி, மைசூர்பாகை நீட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“நீங்க இல்லீங்,” என்றார்.

“நான்தானுங்க. முழங்கையைப் பாருங்க.” அவள் மடித்துக் காட்டினாள்.

“முன்னால நிக்கறது நீங்கதான். அதைச் சொல்லலை. அன்னைக்கு ஈரோட்டுலேர்ந்து வந்த ஒரு பெட்டியில தும்முனீங்களே, அப்பவே தெரியும்.” அவர் கம்பியை ஒரு ஆணியில் மாட்டி நிறுத்தினார். “உங்களுக்கு என்னங்க, திடமா நல்லாத்தான் நிக்கறீங். உங்களைப் பத்தி எழுதறதுக்கு ஒண்ணுமில்லை. நான் எழுதுனது உங்களுக்குப் பின்னால நிக்கற அம்மாவைப் பத்தி.”

வசந்தாமணி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ரொம்ப நாளா நிக்கறாங்களாங்க?”

“நான் இந்தக் கடை போட்டதுலேர்ந்து நிக்கறாங்க. அப்ப தகரம் வேற, எழுத்து வேற. ஆளு அதே ஆளு. நாளெல்லாம் கம்பி சுத்தறப்ப கண்ணு எங்கியாச்சும் நிக்கோணுமில்லீங்? அவங்க மேல நிக்கும்.” அவர் மைசூர்பாகுப் பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார். “இதை அவங்களுக்கே குடுத்துருங்க. பல்லு எப்படியிருக்குதோ தெரியலை.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வசந்தாமணி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒருவர் தன்னைப் பார்த்திருக்கிறார். தும்மியதைக்கூடப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கம்பி சுற்றப் போய்விட்டார். பூஜ்யம் என்பதே மேல் என்று தோன்றியது. அலுவலகத்தில் உண்மையைச் சொன்னால் அவள் கணக்கில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்றாகிவிடும். அந்த அம்பு இல்லாவிட்டால் இன்னொரு அம்பு வரும். சொல்லாவிட்டால் வேலை நிலைக்கும். மலுமிச்சம்பட்டி தாண்டும் வரை சொல்ல வேண்டாம் என்றிருந்தாள். குறிச்சி வரும்போது அவளுக்கு, பத்தொன்பது வருடம் டெஸ்பாட்ச்சில் அவள் இருந்ததைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லாமல் இருந்தது நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, வசந்தாமணி பின்னால் திரும்பினாள்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெள்ளை வெளேரென்று நரைத்த தலையோடு, வெளிறிப்போன பருத்திச் சேலையில் ஒரு அம்மா நின்றிருந்தாள். வலது கை ‘ப’வின் முதுகைப் பிடித்திருந்தது.

“நீ எந்தப் பிரிவு கண்ணு?” என்று கேட்டாள் அந்த அம்மா.

“டெஸ்பாட்ச்சுங்க. வசந்தாமணி.”

“நான் ஸ்டோர்ஸ். மாராத்தாள்.”

கம்பெனி ஆரம்பித்த வருடம், பெயர்ப்பலகையைப் போட்டோ எடுக்கும்போது முதல் எழுத்து சாய்ந்துகொண்டே இருந்ததாம். நஞ்சப்பனின் அப்பா அந்தப் பக்கமாகப் போன மாராத்தாளைக் கூப்பிட்டு, பின்னால் போய் அதைக் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடி என்றாராம். போட்டோ எடுத்துவிட்டார்கள். விடச் சொல்லி ஒருவரும் வரவில்லை.

“இப்ப இது எஃகுங்க,” என்றாள் வசந்தாமணி. “பிடிக்காட்டியும் நிக்கும்.”

“அப்படியா?”

மாராத்தாள் கையை எடுத்தாள். ‘ப’ அரை அங்குலம் சாய்ந்தது. மறுபடி பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரு மணி வரை காத்திருந்து, மைசூர்பாகைச் சாப்பிட்டார்கள். பல் நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் வசந்தாமணி ரத்தினசபாபதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம் தனக்கு வந்ததல்ல என்பதையும் சொன்னாள். அவர் பழைய ஃபைல்களைத் தேடி எடுத்தார். மாராத்தாளின் வருகைப் பதிவேட்டில் 1979 முதல் ஒரே ஒரு நுழைவு நேரம்தான் இருந்தது. வெளியேறிய நேரம் இல்லை.

“அப்படீன்னா ஓவர்டைம்ல இருக்காங்க,” என்றார் அவர். “ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமில்லை. ஆனா உங்க விஷயம் சிக்கலாச்சேம்மா. நியமிச்சவங்களை ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சவங்களை ஒருத்தரும் நியமிக்கலை.”

வாரக் கடைசியில் வசந்தாமணியை நிர்வாகக் குழு முன்னால் உட்கார வைத்தார்கள். ரோகன் வந்திருந்தார். லோகோ தன் விருப்பத்துக்கு ஒரு அர்த்தத்தை நாற்பது வருடத்துக்கு மேலாக வைத்துக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அனுமதியில்லாத அர்த்தங்கள் எல்லா நிறுவனத்துக்கும் ஆபத்து என்றார். அந்த அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, வசந்தாமணியையும் அனுப்பிவிட்டு, சுத்தமாக ஓர் அம்போடு ஆரம்பிக்கலாம் என்றார்.

நஞ்சப்பன் வசந்தாமணியைப் பார்த்தார். “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“அனுப்பலாமுங்க,” என்றாள் அவள். “அவங்க போனா ‘ப’ சாயும். அம்பு பிடிச்சுக்குமான்னு கேட்டுக்கங்க. அதுக்குக் கை இல்லை.”

ரோகன் கணினியைத் திறந்து ஏதோ தட்டினார். பிறகு, மறைந்திருப்பதற்குள் மறைந்திருப்பதுதான் இந்தத் துறையின் அடுத்த கட்டம் என்றும், தான் ஆரம்பத்திலிருந்தே அதை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்ததாகவும் தெரிவித்தார். இருவரையும் வைத்துக்கொள்வதென்று தீர்மானமானது. ஸ்டூல் மட்டும் மறுபடி நிராகரிக்கப்பட்டது.

வசந்தாமணி வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து, இன்மை நிறப் புடவை ஒன்றைச் சுற்றி, பஸ்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். அது மறைந்திருந்ததால் காவலாளிக்குத் தெரியவில்லை. மாராத்தாளை அதில் உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் போய் ‘ப’வைப் பிடித்துக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. பிடிக்கும்போது முழங்கை நேரானது. நம்பிக்கை போய்விட்டதே என்று ரோகன் இரண்டு நாள் வருத்தப்பட்டு, பிறகு அதற்கு உறுதி என்று பெயர் வைத்தார். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மாராத்தாள் ஸ்டோர்ஸ் கதைகள் நிறையச் சொன்னாள். அதில் வரும் ஆட்கள் யாரையும் வசந்தாமணிக்குத் தெரியாது. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

பங்குனியில் வெள்ளிங்கிரியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ரத்தினசபாபதியே அதை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து, ‘ப’வின் முன்னால் நின்று இருவருக்கும் வாசித்துக் காட்டினார்.

‘ஐயா, ஸ்டூல் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி. இரண்டு அம்மாக்களும் நன்றாக இருக்கிறார்கள். இன்னொரு விஷயம். அடுத்த எழுத்தான ‘ளி’யின் மேல்வளைவுக்கு அடியில் படுத்திருப்பவர் பல வருடத்துக்குப் பிறகு போன வாரம்தான் கண்ணயர்ந்தார். அவரை எழுப்பிவிட வேண்டாம்.’

அன்று மாலை, மூன்றாம் மாடியில் அனைவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்று ரத்தினசபாபதி அறிவிப்பு ஒட்டினார்.